இணையப்பக்க வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

கிளிநொச்சியில் உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலர் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்பதுண்டு. இணையத்தள வடிவமைப்பைக் கற்பதற்கு முதலில் எந்த மென்பொருளை நிறுவ வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. ஒருவர் போட்டோஷொப்பில் தொடங்கியிருப்பார், இன்னொருவர் இணையத்தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓர் ஆயத்த வார்ப்புருவை இறக்கி அதன் நிறங்களை மாற்றிக்கொண்டிருப்பார், மூன்றாமவர் யூடியூப்பில் கண்ட, ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழிப் பாடத்தின் நாற்பதாவது காணொளியில் நின்றுவிட்டிருப்பார். மூவருக்கும் நான் சொல்லும் விடை ஒன்றுதான்: கணினியை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள், உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு உண்மையாகவே தேவைப்படும் ஒரேயொரு பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அதில் எழுதுங்கள்.

ஊரில் அப்படி ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அரிசி ஆலை வைத்திருக்கும் மாமி, தையற்கடை நடத்தும் அக்கா, நந்திக்கடல் இறாலைக் காயவைத்து விற்கும் அயலவர், விதைநெல் கொடுக்கும் கமக்காரர் என யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். கற்பனையான ஒரு நிறுவனத்துக்குப் பக்கம் செய்தால், எதை மேலே வைப்பது, எதை விட்டுவிடுவது என்ற கேள்விக்கு விடை சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். வடிவமைப்பு என்ற வேலையின் பெரும்பகுதி அந்தக் கேள்விதான் என்பதால், கற்பனை நிறுவனத்தை வைத்துப் பயில்பவர் வேலையின் பாதியைக் கற்காமலே கடந்துவிடுகிறார்.

இக்கட்டுரை முழுவதற்கும் கண்டாவளைப் பக்கத்தில் சிறிய அரிசி ஆலை ஒன்றை நடத்தும் ஒரு மாமியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவருடைய பக்கத்துக்குத் தேவையானவை ஆலையின் பெயர், கிடைக்கும் அரிசி வகைகள், ஒரு கிலோவின் விலை, திறந்திருக்கும் நேரம், தொலைபேசி இலக்கம், வரும் வழி ஆகியவையே. இவற்றை முதலில் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வாங்க வருபவர் எதை முதலில் தேடுவார் என்று யோசித்து, பின்னர் வரிசையை மாற்ற வேண்டும். தனியார் பஸ்ஸின் முன்பலகையைப் பாருங்கள். 'முல்லைத்தீவு' என்ற பெயர் பெரிதாகவும், பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்ற இடங்கள் அதன்கீழே சிறிதாகவும் எழுதப்பட்டிருக்கும், ஏனெனில் ஓடிவந்து ஏறுபவருக்கு வாசிக்கக் கிடைப்பது இரண்டு செக்கன்கள் மட்டுமே. பலகையை எழுதியவர் வடிவமைப்பு படித்திராவிட்டாலும், எது பெரிது எது சிறிது என்பதைச் சரியாகத் தீர்மானித்திருக்கிறார். உங்கள் தாளிலும் அந்தத் தீர்மானம் தெரிய வேண்டும்.

எலும்புக்கூடு

தாள் ஆயத்தமானதும் கற்க வேண்டியது, பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் மொழியான எச்டிஎம்எல். பிரித்தானியக் கணினி அறிஞர் டிம் பேர்னர்ஸ்-லீ 1989 இல் ஐரோப்பாவின் சேர்ன் என்ற இயற்பியல் ஆய்வுகூடத்தில், இணையத்தின் மேல் இயங்கும் உலகளாவிய வலைக்கான (வெப்) முன்மொழிவை எழுதினார். 1991 இல் முதல் இணையத்தளம் பொதுமக்களுக்கு அறிமுகமானபோது அதில் எழுத்தும் இணைப்பும் மாத்திரமே இருந்தன, நிறமோ அலங்காரமோ இல்லை. இன்றும் ஒரு பக்கத்தின் அடித்தளம் அதுதான். எது தலைப்பு, எது பந்தி, எது பட்டியல், எது இணைப்பு என்பதை, பக்கங்களைத் திறந்துகாட்டும் குரோம் போன்ற உலாவிக்குச் சொல்வதே எச்டிஎம்எல் செய்யும் வேலை. அதற்கு டேக் எனப்படும் குறிகள் பயன்படுகின்றன. நான் இங்கு அக்குறிகளைத் தமிழ் ஒலியில் எழுதுகிறேன், நீங்கள் கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், கோண அடைப்புக்குள் தட்டச்சிட வேண்டும்.

மாமியின் பக்கத்தில் ஆலையின் பெயர் 'எச்1' குறிக்குள் வரும், அது பக்கத்துக்கு ஒன்று போதும். 'அரிசி வகைகள்', 'வரும் வழி' போன்ற உபதலைப்புகள் 'எச்2' ஆகும். விளக்க வாக்கியங்களுக்கு 'பி' குறி. ஆட்டக்காரி, மொட்டைக்கறுப்பன், கீரிச்சம்பா என்ற வகைகளை மட்டும் அடுக்குவதென்றால் 'யூஎல்' என்ற பட்டியலும் அதற்குள் ஒவ்வொன்றுக்கும் ஓர் 'எல்ஐ' உம், விலையையும் அருகில் காட்டுவதென்றால் 'டேபிள்' என்ற அட்டவணையும் பொருந்தும். தொடங்குபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஏதோவொரு வாக்கியத்தை 'எச்1' இற்குள் போடுவது. எழுத்தின் அளவைப் பின்னர் எப்படியும் மாற்றலாம். ஆனால், கண்பார்வை குறைந்தவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் மென்பொருளும் கூகுளின் தேடுபொறியும் இக்குறிகளைக் கொண்டே பக்கத்தைப் புரிந்துகொள்கின்றன என்பதால், தலைப்பு அல்லாததைத் தலைப்பென்று சொன்னால் அவை இரண்டும் ஏமாந்துபோகும். படத்தைச் சேர்க்கும் 'ஐஎம்ஜி' குறியில் 'ஆல்ட்' என்ற இடத்தில் படத்தைப் பற்றி ஒரு சிறு வாக்கியம் எழுதுவதும் இதே காரணத்துக்காகவே.

தொலைபேசி இலக்கத்தை வெறும் எண்ணாக விட்டுவிடாமல் 'ஏ' குறியால் இணைப்பாக்குங்கள். இணைப்பின் முகவரியில் 'டெல்' என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் +94 உம், முதற் பூச்சியத்தை நீக்கிய இலக்கமும் வந்தால், கைபேசியில் அதைத் தொட்டவுடனே அழைப்புப் பக்கம் திறக்கும். வன்னியில் ஒரு வியாபாரப் பக்கத்தைத் திறப்பவர் அடுத்துச் செய்யப்போவது பெரும்பாலும் அழைப்பு எடுப்பதுதான், ஆகவே இந்த ஒரு வரி அழகான பத்துப் படங்களைவிட மாமிக்குப் பயன்படும்.

இவ்வளவையும் எழுதுவதற்கு விண்டோஸில் உள்ள நோட்பேட் போதுமானது. விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற இலவச மென்பொருள் குறிகளை நிறம்பிரித்துக் காட்டுவதால் பிழைகளை எளிதில் காணலாம். நான்கு ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி ஒன்றே தாராளம். எச்டிஎம்எல் எழுதவும் உலாவியில் திறந்து பார்க்கவும் இணைய இணைப்புக்கூடத் தேவையில்லை என்பதால், டேட்டா முடிந்த நாளிலும் பயிற்சி தடைப்படாது. மடிக்கணினியே இல்லாதவர் கைபேசியிலுள்ள ஏதாவதொரு நிரல் எழுதும் செயலியில் முதல் இரண்டு கிழமைகளை ஓட்டலாம். அதற்குமேல் நண்பருடையதையாவது இரவல் வாங்கத்தான் வேண்டும்.

பாமினி என்ற பொறி

தமிழில் பக்கம் செய்பவருக்கு ஆங்கிலப் பாடங்கள் எவையும் சொல்லித்தராத ஒன்றை இங்கு சற்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்முடைய அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடும் பழக்கம் இன்னும் உயிருடன் இருக்கிறது. பாமினியில் நீங்கள் 'தமிழ்' என்று எழுதினால், கணினி சேமித்து வைப்பது தமிழ் எழுத்துகளை அன்று. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அந்த ஐந்துக்கும் மேல் பாமினி என்ற எழுத்துரு தமிழ் உருவங்களைப் போர்த்தியிருக்கிறது. எழுத்துரு இல்லாத கைபேசியில் போர்வை விலகி, உள்ளே இருந்தவை அப்படியே வெளியே வந்துவிடும்.

நான் முதன்முதலில் ஒருவருக்குச் செய்துகொடுத்த பக்கத்தில் இதுதான் நடந்தது. விலைப்பட்டியலை அவர் வேர்ட் கோப்பாகத் தந்தார், நான் அதை அப்படியே வெட்டி ஒட்டி, பாமினி நிறுவப்பட்டிருந்த என் கணினியில் பார்த்துத் திருப்திப்பட்டு, முகவரியை அனுப்பிவைத்தேன். கால் மணி நேரத்தில் அழைப்பு வந்தது. "தம்பி, என்ர போனில இது ஏதோ இங்கிலீசில கிடக்குது, அதுவும் வாசிக்கேலாமக் கிடக்குது" என்றார். அன்றிரவு முழுவதும் பட்டியலைத் திரும்பத் தட்டச்சிட்டேன். பாமினியை, எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு என்ற பொதுக் குறிமுறைக்கு மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆகவே தமிழ் உள்ளடக்கம் யூனிகோடில் இருக்க வேண்டும். இலங்கையின் நியமமான ரெங்கநாதன் விசைப்பலகையிலோ ஒலிப்பு முறையிலோ பழகலாம். விரல்கள் பாமினிக்கே பழகிவிட்டவர்கள், இ-கலப்பை போன்ற மென்பொருளில் பாமினி விசை அமைப்பைத் தெரிவுசெய்துகொண்டு, வெளிவரும் எழுத்தை மட்டும் யூனிகோடாகப் பெறலாம். பக்கத்தின் 'ஹெட்' என்ற தலைப்பகுதியில் எழுத்துக் குறிமுறை, யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 என்பதை ஒரு வரியாலும், மொழி தமிழ் என்பதை, பக்கம் முழுவதையும் சூழும் 'எச்டிஎம்எல்' குறியின் 'லாங்' என்ற பண்பில் 'டிஏ' என்ற இரண்டெழுத்தாலும் அறிவித்துவிடுங்கள். இக்குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம்பிடிக்கும். 'நெல்' என்ற சொல்லில் ந, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி என நான்கு குறிகள் இருப்பதால் அதற்குப் பன்னிரண்டு பைட். இது ஒரு படத்தோடு ஒப்பிட்டால் தூசு, எழுத்து நீண்டுவிட்டதே என்று எவரும் கவலைப்பட வேண்டாம்.

தோற்றம்

எச்டிஎம்எல் மட்டும் உள்ள பக்கத்தைத் திறந்தால் அது வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக, அலங்காரமின்றி இருக்கும். அந்த நிலையிலேயே ஒருமுறை கைபேசியில் வாசித்துப் பாருங்கள். அப்போதே பொருள் விளங்காத பக்கத்துக்கு எவ்வளவு நிறம் பூசினாலும் விளங்காது. விளங்குமானால் சிஎஸ்எஸ்ஸுக்குப் போகலாம். 1996 இல் முதல் நியமமாக வெளிவந்த இந்த மொழிதான் எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி, அமைவிடம் ஆகியவற்றை ஆள்கிறது. இணைய வடிவமைப்பைக் கற்பதற்குச் செலவழிக்கும் காலத்தில் மிகப்பெரிய பங்கை இதற்கே கொடுக்கச் சொல்வேன். எச்டிஎம்எல் இரண்டு கிழமையில் கைக்குள் வந்துவிடும், சிஎஸ்எஸ் இரண்டு மாதமாவது எடுக்கும், எடுக்கவும் வேண்டும்.

அதற்கு முன் ஒரு வரி. பக்கத்தின் தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' என்ற மெட்டா குறியைச் சேர்த்து, அகலம் சாதனத்தின் அகலமே என்று சொல்லிவிடுங்கள். அது இல்லாவிட்டால் கைபேசி உலாவி உங்கள் பக்கத்தை ஏறக்குறைய 980 பிக்சல் (திரையை அளக்கும் நுண்புள்ளி) அகலமுள்ள கணினித் திரைக்குரியதாக எண்ணி வரைந்து, பின் அதைச் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பாகிவிடும். பலர் எழுத்தின் அளவை ஏற்றி ஏற்றிப் பார்த்துக் களைப்பது இந்த ஒரு வரி விடுபட்டதால்தான்.

சிஎஸ்எஸ்ஸில் முதலில் பிடிபட வேண்டியது பெட்டி என்ற எண்ணம். பக்கத்தில் உள்ள ஒவ்வொரு தலைப்பும் பந்தியும் படமும் ஒரு பெட்டிதான். உள்ளடக்கத்தைச் சுற்றி பேடிங் என்ற உள்ளிடைவெளி, அதைச் சுற்றி போர்டர் என்ற கரை, அதற்கும் வெளியே மார்ஜின் என்ற வெளியிடைவெளி. நம்மூர் வளவோடு ஒப்பிட்டால் வீடு உள்ளடக்கம், வீட்டுக்கும் வேலிக்கும் இடையிலுள்ள முற்றம் பேடிங், வேலி போர்டர், உங்கள் வேலிக்கும் அயலவர் வேலிக்கும் நடுவே ஓடும் ஒழுங்கை மார்ஜின். அகலம் 300 பிக்சல் என்று நீங்கள் சொன்ன பெட்டிக்கு இருபுறமும் 20 பிக்சல் பேடிங்கும் ஒரு பிக்சல் கரையும் கொடுத்தால், அது திரையில் 342 பிக்சலை அடைத்துக்கொள்ளும், ஏனெனில் 300 என்பது வீட்டுக்கு மட்டுமான அளவு. வேலி வரையுள்ள முழு அளவே 300 ஆக வேண்டுமென்றால் 'பொக்ஸ்-சைசிங்' என்ற பண்பை 'போர்டர்-பொக்ஸ்' ஆக்க வேண்டும். நான் எல்லாப் பக்கங்களிலும் இதையே முதல் வரியாக எழுதுகிறேன்.

அடுத்தது எழுத்து. தமிழ் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் வருவதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரியிடைவெளி தமிழுக்கு நெருக்கமாகத் தெரியும். எழுத்தளவு 18 பிக்சல், வரி உயரம் 1.7 என்று தொடங்கிப் பார்த்து, பிறகு கண்ணுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கலாம். பந்தியின் இருபுறத்தையும் நேராக்கும் 'ஜஸ்டிஃபை' ஒழுங்கமைப்பைக் கைபேசியில் தவிர்த்துவிடுங்கள், நம்முடைய சொற்கள் நீளமானவை என்பதால் ஒரு வரியில் இரண்டே சொற்கள் விழுந்து நடுவே குளம்போல வெளி தேங்கும். மிக நீண்ட கூட்டுச்சொல் திரையைத் தாண்டி ஓடுவதைத் தடுக்க 'ஓவர்ஃப்ளோ-ராப்' என்ற பண்பு உண்டு. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்ந்த வடிவம் கிடையாது, உலாவி அவற்றை வலிந்து சாய்த்துவிடும். அழுத்தம் கொடுக்கத் தடித்த எழுத்தே போதும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன் போன்ற எழுத்துருக்களைக் கூகுள் இலவசமாகத் தருகிறது, அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்து பக்கம் முழுவதும் அதையே பயன்படுத்துங்கள்.

நிறத்தில் தொடங்குபவர்கள் காட்டும் தாராளம் எனக்கு எப்போதுமே பயம் தருவது. கறுப்பு, வெள்ளை, அவற்றோடு ஒரேயொரு நிறம் என்று முதல் மூன்று பக்கங்களையும் செய்து பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு, சாதாரண அளவு எழுத்துக்கு, 4.5 இற்கு 1 என்ற விகிதத்திலாவது இருக்க வேண்டும் என்று அணுகல்தன்மைக்கான பன்னாட்டு வழிகாட்டி கூறுகிறது. இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் உள்ளன. நல்ல பகல் வெயிலில் இரணைமடு வாய்க்காற்கரையில் நின்றுகொண்டு அந்தப் பக்கத்தைக் கைபேசியில் வாசிக்க முயல்வது அவற்றைவிடக் கடுமையான பரிசோதனை. மென்சாம்பல் எழுத்தில் எழுதியவர்கள் அங்கே தோற்றுப்போவார்கள்.

அமைவிடத்துக்கு, பெட்டிகளை ஒரே திசையில் அடுக்கும் ஃப்ளெக்ஸ்பொக்ஸ், அவற்றைக் கட்டங்களாக அடுக்கும் கிரிட் என்ற இரண்டு முறைகள் உள்ளன, முதலில் ஃப்ளெக்ஸ்பொக்ஸ், பிறகு கிரிட். ஆனால், பக்கத்தை முதலில் 360 பிக்சல் அகலமுள்ள கைபேசிக்கு ஒரே நெடுவரிசையாக அமைத்துவிட்டு, அகலம் கூடும்போது மட்டும் இரண்டு மூன்று நெடுவரிசைகளாக்க, திரையின் அகலத்துக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் மீடியா குவெரியை எழுதுங்கள். கணினிக்குச் செய்துவிட்டுக் கைபேசிக்குச் சுருக்குவது சட்டையைத் தைத்துவிட்டுப் பிள்ளையை அளப்பதைப் போன்றது.

இவை அனைத்தையும் கற்க மிகச்சிறந்த ஆசிரியர் உலாவிக்குள்ளேயே இருக்கிறார். குரோமிலோ ஃபயர்ஃபொக்ஸிலோ ஏதாவதொரு பக்கத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்துங்கள். பக்கத்தின் எச்டிஎம்எல் ஒருபுறமும் அதன் சிஎஸ்எஸ் மறுபுறமும் விரியும். உங்களுக்குப் பிடித்த தலைப்பொன்றைத் தெரிவுசெய்து, அதன் எழுத்தளவுக்கு நேரே உள்ள எண்ணைக் கூட்டினால் அது கண்முன்னே பெரிதாகும், பேடிங்கை அழித்தால் எழுத்து கரையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மாற்றம் உங்கள் திரையில் மட்டுமே நிகழ்கிறது, பக்கத்தைப் புதுப்பித்தவுடன் பழையபடி ஆகிவிடும், ஆகவே எதையும் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கத்தை இப்படிப் பிரித்துப் பார்ப்பவர், ஆறு மாத வகுப்புக்குப் போனவரை விரைவிலேயே எட்டிவிடுவார் என்பது என் அனுபவம்.

படங்களைப் பற்றி ஒரு கணக்கு. கைபேசிக் கமராவில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி வரை வரலாம், ஆறு படங்கள் 24 எம்பி. அப்படியே ஏற்றினால், மாமியின் பக்கத்தை நாற்பது பேர் திறப்பதற்குள் அவர்களுடைய ஏறக்குறைய ஒரு ஜிபி டேட்டா கரைந்துவிடும், பக்கமும் நகராது. அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, குறைந்த இடம்பிடிக்கும் வெப்பி என்ற பட வடிவில் சேமித்தால் ஆறும் சேர்ந்து ஒரு எம்பியை ஒட்டி நிற்கும். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவி இதை உலாவியிலேயே செய்துதரும்.

வெளியிடுதல்

பக்கம் முழுமையாகும்வரை காத்திருக்காமல், விலைப்பட்டியலும் தொலைபேசி இலக்கமும் சரியாகத் தெரிந்தவுடனே வெளியிட்டுவிடுங்கள். கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை என்ற இணையச் சேவைகளில் சிறிய பக்கங்களை இலவசமாக வைத்திருக்கலாம். முதற்பக்கக் கோப்பின் பெயர் 'இண்டெக்ஸ்' ஆக இருக்க வேண்டும். கோப்புப் பெயர்கள் அனைத்தும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளியின்றி அமைய வேண்டும். விண்டோஸ் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் ஒன்றாகவே கருதும், கிட்ஹப் போன்ற இடங்களில் பக்கங்களை வைத்திருக்கும் வழங்கிகள் (சேவர்கள்) அவ்வாறு கருதுவதில்லை. கமரா தந்த பெயரில் 'ஜேபிஜி' என்பது பேரெழுத்திலும் உங்கள் எச்டிஎம்எல்லில் சிற்றெழுத்திலும் இருந்தால், வீட்டுக் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த படம் வெளியிட்டபின் காணாமற்போகும். என்னிடம் பயில்பவர்களில் அனேகமாக எல்லோரும் ஒருமுறை இதில் மாட்டிக்கொண்டு, 'சேவர் பழுது' என்று வந்து நிற்கிறார்கள். இலங்கைக்குரிய புள்ளி எல்கே முகவரியைக் காசு கொடுத்துப் பதிவுசெய்வது, மாமி அந்தப் பக்கத்தைத் தன் வாடிக்கையாளர்களுக்கு உண்மையாகவே அனுப்பத் தொடங்கிய பிறகு யோசிக்க வேண்டிய விடயம்.

ஜாவாஸ்கிரிப்ட்டை இங்கு வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். மாமியின் பக்கத்தில் அதற்கு வேலையே இல்லை. பயனர் ஏதாவது செய்ய, பக்கம் அதற்கு ஏற்ப மாற வேண்டும் என்ற தேவை வரும்போது, எடுத்துக்காட்டாக எத்தனை கிலோ என்று போட்டால் மொத்தப் பெறுமதியைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்று அவர் கேட்கும்போது, அதைத் தொடங்குங்கள். ஜாவா என்ற நிரல்மொழியும் ஜாவாஸ்கிரிப்ட்டும் பெயரால் மட்டுமே உறவு என்பதையும் அப்போது நினைவில் வையுங்கள். வேர்ட்பிரஸ் பயனுள்ளதுதான், ஆனால் சிஎஸ்எஸ் தெரியாதவர் அதில் வார்ப்புருவின் அடிமை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் முழுப் பக்கத்தையும் எழுதித் தரச்சொல்லும் பழக்கம் இப்போது பரவியுள்ளது. ஒரு வரி ஏன் இப்படி வேலை செய்கிறது என்று விளக்கம் கேட்பதற்கு அவை நன்று, வாசிக்கத் தெரியாத நிரலை வாங்கி ஒட்டினால் அது உடையும் நாளில் திருத்துவதற்கு ஆளிருக்காது.

முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்கு ஊரிலேயே வழி உண்டு. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் இணையத்தள விருத்திக்கென ஓர் அலகு இருக்கிறது, அதன் வளநூல் தமிழில் கிடைக்கும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும், வவுனியாவில் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக மாறிய வவுனியாப் பல்கலைக்கழகமும் கணினித் துறைக் கற்கைகளை நடத்துகின்றன. ஆங்கிலம் ஓரளவு வாசிக்க முடிந்தால், மொசில்லாவின் எம்டிஎன் தளமும் ஃபிரீகோட்கேம்ப்பும் ஒரு சதமும் வாங்காமல் எல்லாவற்றையும் சொல்லித்தரும்.

பக்கம் வெளியானதும் மாமியின் ஆலைக்கு நேரே போங்கள். உங்கள் கைபேசியைக் காட்டாமல் அவருடைய கைபேசியிலேயே பக்கத்தைத் திறக்கச் சொல்லி, "மாமி, ஆட்டக்காரி என்ன விலை எண்டு இதில பாத்துச் சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு அவருடைய விரலைக் கவனியுங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எதை இணைப்பென்று எண்ணித் தொட்டு ஏமாறுகிறது, எந்த இடத்தில் கைபேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோகிறார் என்பவற்றைக் குறித்துக்கொண்டு வந்து அன்றிரவே திருத்துங்கள். விலைக்குக் கீழே 'இந்த விலை மாற்றப்பட்ட திகதி' என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி அவர் கேட்கக்கூடும். அதை எந்தக் குறிக்குள், எந்த அளவில், எந்த இடத்தில் வைப்பது என்பதைத் தீர்மானிப்பது உங்களுடைய அடுத்த பயிற்சி.